குன்றிமணியளவு மருந்து

பொழுதுபோக்குகள் பலவகைப்படும். தபால் முத்திரை சேர்ப்பார் சிலர். பூந்தோட்டம் வளர்ப்பார் சிலர். அமெரிக்க நாட்டிலே, குறி பார்த்துச் சுடும் விளையாட்டில் ஈடுபட்டோர் பலர் கைக்கொண்டுள்ள பொழுதுபோக்கு ஒன்று உண்டு. சுட்டபின் எஞ்சும் பித்தளைக் கோதுகளை வீசிவிடாது சேர்த்தெடுத்து, வீட்டு மேசையிலே தம் கையாலேயே மீண்டும் தோட்டாவாக்குதலே அது. அதனாற் செலவு குறைகின்றது. தத்தம் துவக்குக்குப் பொருந்தியவாறு தோட்டாவை அமைத்துக்கொள்ளவும் முடிகின்றது. ஆயின், அம்மேசையிலே நேரும் சிறு பிழை, மறுநாள் சூட்டுத் திடலிலே ஒருவர் கையையோ கண்ணையோ பறித்துவிடக் கூடும். துவக்கையே தொட்டறியாத நாமும் அப்பிழைகளை அறிந்துகொள்வதிலே பயன் உண்டு.

தோட்டாவின் உறுப்புக்கள் நான்கு. கோது, கோதின் அடியிலே பொருத்தப்படும் தீமூட்டி, உள்ளே நிரப்பப்படும் மருந்து, வாயிலே செருகப்படும் சன்னம் என்பன அவை. மருந்தை நிறுக்கும் அலகு கிரெயின் எனப்படும். ஓர் இறாத்தலிலே 7,000 கிரெயின் உண்டு. நம் பொற்கொல்லர் பொன் நிறுத்த குன்றிமணி ஒன்றின் எடை ஏறக்குறைய இரண்டு கிரெயின். கைத்துப்பாக்கித் தோட்டாக்கள் சிலவற்றுக்கு இரண்டு குன்றிமணி எடை மருந்தே போதுமானது. இத்துணைச் சிறிய அளவிலே பிழை நேர்ந்தால் என்ன கேடு என்று கேட்கத் தோன்றும். அதற்கு வரலாறே விடை பகரும்.

பல நூற்றாண்டுகளாக மக்கள் அறிந்திருந்தது கரிமருந்து ஒன்றே. வெடியுப்பு 75 பங்கு, கரி 15 பங்கு, கந்தகம் 10 பங்கு சேர்ந்தது அது. 1884ஆம் ஆண்டிலே பிரெஞ்சு அறிஞர் போல் வியேய் புகையில்லா மருந்தை ஆக்கினார். எடைக்கு எடை பார்த்தால் கரிமருந்தினும் பன்மடங்கு வலியது அது. கரண்டியால் முகந்து நிரப்பிப் பழகியோர், அதே கரண்டியால் அடர்த்தி மிக்க புதுமருந்தையும் முகந்தபோது துவக்குகள் வெடித்துச் சிதறின. பொருள் மாறியது, பழக்கம் மாறவில்லை. விபத்துக்கு அதுவே காரணமாயிற்று.

பின்னாளிலே துப்பாக்கி பற்றிய எழுத்தாளராகப் பெரும்புகழ் பெற்ற எல்மர் கீத் என்பாரும் இத்தகைய பாடத்தைக் கற்றவரே. 1920களிலே அவர், .45 கோல்ட் எனப்படும் றிவோல்வர் ஒன்றைத் தாமே நிரப்பிய வலிய தோட்டாவைக் கொண்டு சுட்டார். அதன் சுழலுருளையின் மேற்பகுதி பிளந்து பறந்தது. 1873ஆம் ஆண்டு, கரிமருந்துக் காலத்திலே தோன்றிய வகை அது. அதன் தோட்டாவுக்கு இன்று வகுத்துள்ள உச்ச அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 14,000 இறாத்தல். மோட்டார் வண்டியின் ரயரிலுள்ள காற்றமுக்கம் 30 இறாத்தல் அளவினதே என்பதை எண்ணிப் பார்த்தால், அக்கோதினுள் அடங்கிக் கிடக்கும் வேகம் புலனாகும். கீத் அதன்பின் உருளைச் சுவர் தடித்த .44 வகையை நாடினார். ஈற்றில் 1955ஆம் ஆண்டின் முடிவிலே, 36,000 இறாத்தல் அமுக்கத்தைத் தாங்கும் .44 மக்னம் வகை உருவாயிற்று. வலிமையை மிகுவிக்க விரும்புவோர் முதலிலே கலத்தை வலிதாக்குதல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

எனினும், பேராசையால் நேரும் விபத்து மட்டும் விபத்தன்று. மறதியால் நேர்வதும் உண்டு. ஒருவர் மேசையிலே அமர்ந்து கோதுகளை நிரப்புகின்றார். தொலைபேசி ஒலிக்கின்றது, அல்லது குழந்தை அழைக்கின்றது. எழுந்து சென்று மீள்கின்றார். நிரப்பிய கோதிலேயே மறுபடியும் மருந்தை இடுகின்றார். மருந்து சிறிது, கோது பெரிது. ஆதலின் இருமடங்கு மருந்தும் வழியாமல் அடங்கிவிடுகின்றது. சன்னத்தைச் செருகிய பின்னர் அதனை யாரால் அறிய முடியும்? ஆகவேதான், கோதுகளை வரிசையாக நிறுத்தி, சன்னம் செருகுமுன் விளக்கொளியிலே ஒவ்வொன்றின் உள்ளும் நோக்குக என்பதைத் தலையாய விதியாக வகுத்துள்ளனர்.

இதற்கு மறுதலையான பிழையும் உண்டு. மருந்தே இடாது விடப்பட்ட தோட்டாவிலே, தீமூட்டியின் சிறு வேகம் சன்னத்தைக் குழலின் இடைவழிவரை தள்ளி அங்கேயே சிக்கவைத்துவிடும். எழுவது மெல்லிய ஓசையே. அதனைப் பொருட்படுத்தாது அடுத்த தோட்டாவைச் சுட்டால் அடைபட்ட குழல் வீங்கும், அன்றி வெடிக்கும். சூட்டுத் திடலிலே பேரோசைக்கு எவரும் அஞ்சுவதில்லை. ஓசை குன்றினால்தான் அனுபவசாலிகள் உடனே நிறுத்திவிடுகின்றனர். தோட்டாக்களை அகற்றிக் குழலைச் சோதிக்கின்றனர். விசையை இழுத்தும் வெடிக்காவிடில், குழல் முனையைக் குறியின் திசையிலேயே வைத்து முப்பது வினாடியேனும் பொறுத்திருக்க வேண்டும். தாமதித்து வெடிக்கும் தோட்டாவும் உண்டு.

மூன்றாவது பிழை, மருந்து மாறுதல். மருந்துகள் பலவும் பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். எரியும் விரைவோ வேறு வேறு. எனவே மேசையிலே ஒரு நேரத்தில் ஒரு மருந்தே இருத்தல் வேண்டும். எஞ்சியதை அதற்குரிய கொள்கலத்திலேயே திரும்ப இடுதல் வேண்டும். பெயரறியாத மருந்தைப் பயன்படுத்தலாகாது. மருந்தளவு கூறும் கைந்நூல்களும், உச்ச அளவிலிருந்து தொடங்காது, பத்திலொரு பங்கு குறைத்துத் தொடங்குமாறே அறிவுறுத்துகின்றன. கண்ணாடியும் செவியடைப்பும் அணிதல், ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவாது உண்ணாதிருத்தல் ஆகியனவும் அவர்களுடைய அன்றாட ஒழுக்கங்கள்.

நம் நாட்டிலே அனுமதிப்பத்திரமின்றித் துவக்கு வைத்திருத்தல் குற்றமாகும். இக்கட்டுரையைப் படிப்போரிற் பெரும்பாலார் தோட்டா நிரப்பப் போவதுமில்லை. ஆயினும் ஆய்வுகூடத்திலே மாணவர்க்கு நாம் முதலிற் சொல்லும் விதி யாது? பெயரொட்டாத போத்தலிலுள்ளதைப் பயன்படுத்தாதே என்பதன்றோ? வீட்டிலே சோடாப் போத்தலில் மண்ணெண்ணெயையோ பூச்சிமருந்தையோ ஊற்றி மூலையிலே வைக்கிறோம். வைத்தவருக்கு அது இன்னதென்று தெரியும். தாகத்தோடு ஓடிவரும் குழந்தைக்குத் தெரியுமா?

பெயரெழுதி வைத்தல், இடையிலே எழுந்து சென்றால் மீண்டும் முதலிலிருந்து சரிபார்த்தல், வழமைக்கு மாறானது சிறிதாயினும் நின்று நோக்குதல் ஆகிய மூன்றும் பெரிய கல்வியை வேண்டுவன அல்ல. இன்று மாலை நம் வீட்டு மூலையிலுள்ள போத்தல்களை ஒருமுறை எடுத்துப் பார்ப்போமாக.