ஒரு முட்டை, ரெண்டு பவுண்ட் சீஸ், ஒரு கேள்வி: பழைய ரெசிபி வெச்சு வரலாறு படிச்ச கதை

என் அக்கா பொண்ணுக்கு 9 வயசு. ஸ்கூலுக்குப் போகாம வீட்டுலயே படிக்கிறா. கணக்கு, சயின்ஸ் எல்லாம் அக்கா பாத்துக்குவாங்க. சனிக்கிழமை வரலாறு மட்டும் என் பொறுப்பு. நான் படிச்சதோ இன்ஜினியரிங். ராஜா பேரு, வருஷம்னு ஆரம்பிச்சா பத்தாவது நிமிஷம் அவ ஜன்னலைப் பாக்க ஆரம்பிச்சிடுவா. அதனால ஒருநாள் புத்தகத்தோட கிச்சனுக்குப் போயிட்டோம்.

எடுத்துக்கிட்டது ரோமானியப் பலகாரம். பேரு லீபும். கேட்டோங்கிற ரோமானிய அரசியல்வாதி கி.மு. 160 வாக்குல விவசாயம் பத்தி ஒரு புத்தகம் எழுதினார். லத்தீன் உரைநடையில முழுசா நம்ம கைக்குக் கிடைச்சதுலயே பழசு அதுதான். திராட்சைத் தோட்டம், ஆலிவ் எண்ணெய்னு போற புத்தகத்துல நடுவுல சில பலகாரக் குறிப்புகளும் இருக்கு. லீபும் சாமிக்குப் படைக்கிற பண்டம். "நம்ம கொழுக்கட்டை மாதிரியா மாமா?"ன்னா. கிட்டத்தட்ட அப்படித்தான்.

குறிப்பு ரொம்பச் சின்னது. 2 பவுண்ட் சீஸை நல்லா அரைக்கணும். 1 பவுண்ட் கோதுமை மாவு சேர்க்கணும். மெத்துன்னு வேணும்னா சன்ன மாவு அரை பவுண்ட் போதும். ஒரு முட்டை. ரொட்டி மாதிரி தட்டி, அடியில இலை வெச்சு, சூடான அடுப்புல மண் மூடிக்குள்ள மெதுவா வேக வைக்கணும். அவ்ளோதான். எத்தனை நிமிஷம்? சொல்லல. எவ்வளவு சூடு? சொல்லல. எந்த இலை? அதுவும் சொல்லல. கமென்ட் எழுதாத பழைய கோடைப் படிக்கிற மாதிரி இருந்துச்சு.

இங்கதான் பாடமே ஆரம்பிச்சுது. சொல்லாம விட்டதையெல்லாம் ஒரு நோட்டுல எழுதச் சொன்னேன். நிமிஷக் கணக்கு ஏன் இல்ல? அந்த அடுப்படியில கடிகாரம் கிடையாது. வெந்துடுச்சான்னு கண்ணும் மூக்கும்தான் சொல்லணும். "கொஞ்சம் மிளகாய்த்தூள் போடலாமா?"ன்னு கேட்டா. கூடாது. மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்துலேர்ந்து வந்தது. 1492-ல கொலம்பஸ் அங்க போற வரைக்கும் ரோம்லயும் கிடையாது, நம்ம ஊர்லயும் கிடையாது. "அப்போ ரசத்துக்கு என்ன பண்ணாங்க?"ன்னு அவளே கேட்டு, "மிளகு!"ன்னு அவளே பதிலும் சொல்லிக்கிட்டா.

முதல் தடவை சொதப்பினது நான்தான். சீஸுக்குப் பதிலா பனீர் 200 கிராம், மாவு 100 கிராம் எடுத்துட்டு, முட்டையை மட்டும் முழுசா உடைச்சு ஊத்திட்டேன். மாவு கையில ஒட்டிக்கிட்டு வரவே இல்ல. ரோமானிய பவுண்ட் சுமார் 327 கிராம். அப்போ ஒரு முட்டைங்கிறது கிட்டத்தட்ட 650 கிராம் சீஸுக்கு. எங்க அளவுக்கு மூணுல ஒரு பங்கு முட்டைதான் வேணும். கணக்குப் போட்டுக் கண்டுபிடிச்சது அவதான். ரெண்டாவது தடவை பிரிஞ்சி இலை மேல வெச்சு, கனமான கடாயில, மண்சட்டியைக் கவிழ்த்து மூடி, சிம்ல அரை மணி நேரத்துக்கு மேல விட்டோம். இனிப்பு இல்லாத, லேசா இலை வாசனை அடிக்கிற கேக். நல்லாவே இருந்துச்சு.

சாப்பிட்டுக்கிட்டே கேட்டா: "கேட்டோ தாத்தாவே இதைச் செய்வாரா மாமா?"

எனக்குக் கொஞ்சம் தயக்கம். அதே புத்தகத்துல பதில் இருக்கு. பண்ணையில சமையல் பொறுப்பு, மேற்பார்வையாளரோட துணைவியா இருந்த பொண்ணுக்கு. பெரும்பாலும் அவளும் அடிமைதான். தினமும் ராத்திரி படுக்கிறதுக்கு முன்னாடி அடுப்பைச் சுத்தி கூட்டி வெச்சிருக்கணும்னு அவளுக்கு விதி. இன்னொரு இடத்துல, பழைய மாடு, பழைய வண்டி, வயசான அடிமை, நோயாளி அடிமை எல்லாத்தையும் வித்துடுங்கன்னு ஒரே பட்டியலா எழுதியிருக்கார்.

"சின்னப் புள்ளகிட்ட இதெல்லாம் எதுக்குடா?"ன்னு அம்மா சொன்னாங்க. நியாயமான கேள்விதான். ஆனா கேக்கை மட்டும் குடுத்துட்டு இதை மறைச்சா, நான் சொல்லிக் குடுக்கிறது வரலாறு இல்ல, வெறும் பேக்கிங் கிளாஸ். அதனால பயமுறுத்தாம, புத்தகத்துல இருக்கிறதை மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "பாட்டி மாதிரி இருக்கிறவங்களையா விப்பாங்க?"ன்னு கேட்டா. ஆமான்னேன்.

நீங்க வீட்டுல குழந்தைங்களோட இதைச் செய்யணும்னா பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். ஒரு பழைய குறிப்பு, ஒரு நோட்டு, மூணு கேள்வி போதும். இதுல என்ன சொல்லல? எந்தப் பொருள் இல்ல, ஏன் இல்ல? யார் சமைச்சாங்க, யார் சாப்பிட்டாங்க? அடுப்பு, கத்தி பக்கம் மட்டும் நீங்க நில்லுங்க.

அன்னிக்கு அவ நோட்டுல "எழுதினது: கேட்டோ"ன்னு இருந்துச்சு. அதுக்குக் கீழ, "செஞ்சது: பேர் எழுதி வைக்கல"ன்னு இருந்துச்சு.

அடுத்த எபிசோட்ல பாக்கலாம்.