உங்களுக்குத் தெரியுமா? பிள்ளையார் வளர்கிறார், கேமரா சுருங்குகிறது!

காணிப்பாக்கம் வரசித்தி விநாயகர் வளர்ந்துகொண்டே இருக்கிறார் என்பது ஊர் நம்பிக்கை. பல வருஷத்துக்கு முன் செய்துபோட்ட வெள்ளிக் கவசம் இப்போது சேரவில்லையாம்! கும்பிட்டு வெளியே வரும் கூட்டத்தைப் பாருங்கள். யார் கழுத்திலாவது கேமரா தொங்குகிறதா? எல்லார் கையிலும் செல்போன்!

ஜப்பான் கம்பெனிகள் 2010-இல் உலகமெங்கும் அனுப்பிய டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடிக்கு மேல். 2023-இல்? வெறும் 77 லட்சம்!

கேமராவுக்கு வேட்டு வைத்த செல்போன் கேமரா மாட்யூல் எங்கே தயாராகிறது? இதோ, திருப்பதி மாவட்டம் ஸ்ரீசிட்டியிலும்தான்!

கேமரா விற்பனையின் இந்தச் சரிவில் ஒரு சின்னக் கம்பெனி என்ன செய்யும்? பெரியவர்களைக் காப்பியடிக்கும் என்கிறீர்களா? பென்டாக்ஸ் அப்படியே தலைகீழ்! மூக்குக்கண்ணாடி லென்ஸில் 1919-இல் பிழைப்பைத் தொடங்கிய கம்பெனி. ஜப்பானின் முதல் 35 மி.மீ. எஸ்எல்ஆர் (லென்ஸுக்குப் பின்னால் கண்ணாடி வைத்த) கேமராவை 1952-இல் கொண்டுவந்ததும் அதே ஆள்தான்!

கேனான், நிக்கான், சோனி எல்லாம் உள்ளே கண்ணாடியே இல்லாத கேமராவுக்குத் தாவிவிட்டன. கண்ணாடியை விடமாட்டோம் என்று 2020-இல் அடித்துச் சொன்னது பென்டாக்ஸ். பட்டனை அமுக்கினால் 'டக்'கென்று கண்ணாடி எகிறுமே, அந்தச் சத்தத்துக்கே தனி ரசிகர் கூட்டம்!

2023-இல் கறுப்பு வெள்ளை மட்டுமே எடுக்கும் டிஜிட்டல் கேமரா விட்டார்கள். விலை? கலர் மாடலைவிட 200 டாலர் அதிகம்! கலரைப் பிடுங்கிக்கொண்டு காசையும் கூட்டும் இந்த வித்தையை ஜெர்மனியின் லைக்கா 2012-லேயே செய்துகாட்டிவிட்டது. பலே கில்லாடிகள்!

இதைவிடப் பெரிய கூத்து 2024-இல். பென்டாக்ஸ் 17 என்று புத்தம்புதிய பிலிம் கேமரா! ஒவ்வொரு படத்துக்கும் கட்டைவிரலால் லீவரைத் தள்ளி பிலிமைச் சுற்ற வேண்டும். அந்தச் சுற்றும் வித்தை இளம் இன்ஜினியர்களுக்குத் தெரியவில்லை. ஓய்வுபெற்ற பெரியவர்களைத் தேடிப்போய்க் கேட்டுக்கொண்டார்கள்!

படமும் செல்போன் படம் மாதிரி நெட்டுக்குத்தாகவே விழும். பாதிப் பாதி பிரேமாக எடுப்பதால் 36 படச் சுருளில் எத்தனை படம்? 72!

'பிலிமா? நம்ம ஊட்டியிலேயே செய்தார்களே' என்கிறீர்களா? அடடா, 1960-இல் பிறந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் கதவடைத்துவிட்டது!

தாத்தா வீட்டுப் பரணில் அக்பா க்ளிக் 3 பிலிம் கேமரா இருந்தால் இறக்கிப் பாருங்கள். குஜராத்தின் பரோடாவில் செய்த பெட்டி. ஒரு சுருளுக்கு அதில் எத்தனை படம் தெரியுமா? 12-தான்!