ஆவுளியா (மன்னார் வளைகுடா)

ஆவுளியா அல்லது கடற்பசு என்பது ஆழம் குறைந்த வெப்பமண்டலக் கடல்களில் வாழும் தாவர உண்ணிப் பாலூட்டி ஆகும். இதன் அறிவியல் பெயர் டுகாங் டுகான். இந்தியாவில் மன்னார் வளைகுடா, பாக் விரிகுடா, கச்சு வளைகுடா, அந்தமான் நிக்கோபார் தீவுகள் ஆகிய பகுதிகளில் மட்டுமே இது காணப்படுகிறது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் உலக அளவில் இது அழிவாய்ப்பு இனமாக வகைப்படுத்தப்பட்டுள்ளது.

உடலமைப்பு

வளர்ந்த ஆவுளியா ஏறத்தாழ 3 மீட்டர் நீளமும் 400 கிலோகிராம் எடையும் கொண்டிருக்கும். வால் துடுப்பு ஓங்கிலின் வாலைப் போல் இரு பிளவாக இருக்கும். மூக்குப்பகுதி கீழ்நோக்கி வளைந்து, கடலடியில் மேய்வதற்கு ஏற்றதாக அமைந்துள்ளது. நுரையீரலால் மூச்சு விடுவதால், சில நிமிடங்களுக்கு ஒருமுறை நீர்மட்டத்திற்கு வந்தாக வேண்டும். யானை இதற்கு நெருங்கிய உறவுடைய விலங்காகும்.

வாழிடம்

தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையில் கரையோரமாக 21 சிறு தீவுகள் அமைந்துள்ளன. இத்தீவுகளைச் சூழ்ந்த பவளப்பாறைகள் அலைகளின் வேகத்தைத் தணிக்கின்றன. அதனால் கரைக்கும் தீவுகளுக்கும் இடைப்பட்ட ஆழமற்ற நீரில் கடற்புல் படுகைகள் செழிக்கின்றன. முத்துச்சிப்பிகள் வாழும் பார்கள் இவற்றைவிட ஆழமான பகுதியில் உள்ளன.

கடற்புல் பாசி அன்று. வேரும் பூவும் உடைய தாவரம். அது வளர வெயில் தேவை. பவளப்பாறை அழிந்தால் அலையின் தாக்கம் கூடி நீர் கலங்கும். வெயில் அடிவரை எட்டாமல் கடற்புல் மடியும். சுண்ணாம்புக்காக முன்பு பவளப்பாறைகள் வெட்டி எடுக்கப்பட்டதும் கடல் அரிப்பும் இப்பகுதியைப் பாதித்தன. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள விலாங்குசல்லித் தீவு நீரில் மூழ்கிவிட்டது. ஓர் ஆவுளியா நாளொன்றுக்கு 30 கிலோகிராமுக்கு மேல் கடற்புல் உண்பதால், படுகை சுருங்கினால் அது இடம்பெயர நேரிடும்.

இனப்பெருக்கம்

ஆவுளியா 70 ஆண்டுகள் வரை வாழக்கூடியது. எனினும் இதன் பெருக்கம் மிக மெதுவானது. கருக்காலம் ஓராண்டுக்கு மேல் நீடிக்கும். 3 முதல் 7 ஆண்டுகளுக்கு ஒருமுறை, பெரும்பாலும் ஒரே குட்டியை ஈனும். மிகச் சாதகமான சூழலிலும் ஆண்டுக்கு 5 விழுக்காட்டிற்கு மேல் எண்ணிக்கை உயர்வது அரிது.

தமிழ்நாடு அரசின் மதிப்பீட்டின்படி இந்தியாவில் சுமார் 240 ஆவுளியாக்களே உள்ளன. 5 விழுக்காடு என்பது ஆண்டுக்கு 12 உயிர்கள் மட்டுமே. எனவே வலையில் சிக்கி ஆண்டுக்குச் சில ஆவுளியாக்கள் இறந்தாலும் அந்த வளர்ச்சி முழுவதும் இழக்கப்படலாம். இலட்சக்கணக்கில் முட்டையிடும் முத்துச்சிப்பியின் பார்களே மீளாமல், தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961 ஆம் ஆண்டுடன் நின்றுபோனது. ஆவுளியாவின் மீட்சி அதனினும் கடினமானது.

அச்சுறுத்தல்கள்

முற்காலத்தில் இறைச்சிக்காக ஆவுளியா வேட்டையாடப்பட்டது. தற்போது திருக்கை வலை போன்ற வலைகளில் தற்செயலாகச் சிக்குவதே முதன்மையான ஆபத்தாகும். வலையில் சிக்கிய விலங்கு மேலே வந்து மூச்சுவிட இயலாமல் இறக்கிறது. விசைப்படகுகள் மோதுதல், இழுவை மடியால் கடற்புல் பெயர்தல், நீர் மாசடைதல் ஆகியவையும் இதனைப் பாதிக்கின்றன.

பாதுகாப்பு

1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஆவுளியா இடம்பெற்றுள்ளது. மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 இல் கடல்சார் தேசியப் பூங்காவாகவும், வளைகுடா 1989 இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டன. 2022 செப்டம்பரில் பாக் விரிகுடாவின் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பில் இந்தியாவின் முதல் ஆவுளியாக் காப்பகம் அறிவிக்கப்பட்டது.

சட்டம் மட்டும் போதுமானதன்று. வலையில் சிக்கிய ஆவுளியாவை முதலில் காண்பவர் மீனவரே. அதனை விடுவிக்க வலையை அறுக்க நேர்ந்தால் இழப்பு அவருடையது. தெரிவித்தால் வழக்கு வருமோ என்ற அச்சமும் உண்டு. இதனைக் கருத்திற்கொண்டு, ஆவுளியாவை உயிருடன் விடுவிக்கும் மீனவர்களுக்கு வனத்துறை ஊக்கத்தொகை வழங்கிச் சிறப்பிக்கிறது. சீனக் கடற்பகுதியில் ஆவுளியா செயலளவில் அற்றுப்போய்விட்டதாக 2022 இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. அங்கும் வலைகளும் கடற்புல் இழப்புமே முக்கியக் காரணங்களாகக் குறிப்பிடப்பட்டன.