சூளையின்றி உறுதிபெறும் களிமண் கற்கள்

இராமேசுவரம், மண்டபம் கரையோரங்களில் முற்காலத்தில் வீடு கட்டவும் சுண்ணாம்பு சுடவும் பவளப்பாறைக் கற்களை உபயோகித்தனர். 2001-ஆம் வருஷம் பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டபடியால் அவ்வழி அடைபட்டது. செங்கற் சூளைக்கோ விறகு மிகுதியாக வேண்டும். ஆகவே, பிரான்சு தேசத்து ரசாயன சாஸ்திரி ஜோசப் டேவிடோவிட்ஸ் 1970-களில் ‘ஜியோபாலிமர்’ எனப் பெயரிட்ட முறையைச் சங்க அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம்.

இம்முறையில் கல்லைச் சுடுவதில்லை. களிமண்ணை 600 முதல் 800 டிகிரி வரை சுட்டுப் பொடித்து, மணல் சேர்த்து, காஸ்டிக் சோடாவும் சோடியம் சிலிகேட்டும் கலந்த காரநீரில் பிசைந்து அச்சிலிட வேண்டும். சுட்ட மண்ணிலுள்ள சிலிக்காவையும் அலுமினாவையும் காரம் கரைத்து, பின்னர் கல்போல் பிணைக்கும். செங்கற்பொடியைச் சுண்ணாம்புடன் கலந்து சுர்க்கிக் காரை செய்யும் கொத்தனார் முறைக்கு இது உறவுடையது. வெண்களிமண்ணே சிறந்தது. சூடு மிகுந்தால் மண் இச்சக்தியை இழக்கும். அச்சிலிட்ட கற்களை ஈரம் உலராதபடி மூடி வைத்தல் அவசியம்.

கரையோர மணலை நன்னீரில் கழுவாவிடில் உப்புப் பூத்துக் கல் உதிரும். காஸ்டிக் சோடா தோலையும் கண்ணையும் புண்ணாக்கும்; ஆகையால் கையுறையும் கண்ணாடியும் அணிந்து, அதனைத் தண்ணீரில் சிறிது சிறிதாக இடவேண்டும்; அதன்மேல் தண்ணீரை ஊற்றலாகாது. அலுமினியப் பாத்திரம் உதவாது.

முதலில் பத்துக் கற்கள் மட்டும் செய்து, 28 நாள் கழித்து, ஒரு நாள் முழுவதும் நீரில் ஊறவைத்துப் பார்க்கவும். கல் கரைந்தாலும் கடன் கரையாது. விளிம்பு உதிராத கற்களைப் பொறியியற் கல்லூரிச் சோதனைச்சாலையில் பளு தாங்குமாவெனச் சோதித்த பின்னரே, சங்கத்தில் கடன் கோருதல் உசிதம்.