சுவரில் பெயர்கள் ஏன் அகரவரிசையில் இல்லை?

வாஷிங்டன் போனவர்கள் லிங்கன் நினைவகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் வியட்நாம் போர் நினைவுச் சுவரையும் பார்த்திருப்பீர்கள். நான் போன அன்று ஒரு பெரியவர் வந்தார். வியட்நாமில் இருந்தவர் என்று தலையில் இருந்த தொப்பியே சொன்னது. பெயர் தேடுவதற்காக அங்கே தடித்த அட்டவணைப் புத்தகம் வைத்திருக்கிறார்கள். அவர் அதன் பக்கமே போகவில்லை. நேராக ஒரு பலகை முன்னால் போய் நின்று ஒரு பெயர் மேல் விரல் வைத்தார். இரண்டைத் தாண்டி இன்னொன்று, அடுத்த வரியில் ஒன்று, அதற்குப் பக்கத்தில் ஒன்று. ஏழு பெயர் வரை எண்ணினேன். அப்புறம் பார்ப்பது சரியில்லை என்று நகர்ந்துவிட்டேன்.

58,000-க்கும் மேல் பெயர்கள் உள்ள சுவரில் ஒருவருடைய ஏழு நண்பர்கள் எப்படி ஒரே இடத்தில் இருக்க முடியும்? ஊருக்கு வந்து அதைப் பற்றித் தேடிப் படித்தேன். அந்தக் குறிப்புதான் இது.

இந்தச் சுவரை அரசாங்கம் தானாக முன்வந்து கட்டவில்லை. போரில் காயம்பட்டுத் திரும்பிய ஜான் ஸ்க்ரக்ஸ் என்ற சிப்பாய் 1979-ல் நன்கொடை திரட்ட ஆரம்பித்தார். வடிவமைப்புப் போட்டிக்கு 1,421 வரைபடங்கள் வந்தன. ஜெயித்தது மாயா லின், யேல் பல்கலைக்கழக மாணவி, வயது 21. 1982 நவம்பரில் சுவர் திறக்கப்பட்டது. கல் நம்ம பெங்களூர்ப் பக்கத்துக் கறுப்பு கிரானைட். கண்ணாடி மாதிரி பளபளப்பு ஏறும் என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். பெயரைப் படிக்கிறவர் முகமும் அந்தப் பெயர்களுக்கு நடுவிலேயே தெரியும்.

மாயா லின் பிடிவாதமாக நின்ற விஷயம் பெயர்களின் வரிசை. அகரவரிசையில் போட்டால் தேட எளிது என்று சிலர் சொன்னார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படிப் போட்டால் ஸ்மித்துகள் மட்டுமே நூற்றுக்கணக்கில் ஒன்றன்கீழ் ஒன்றாக வருவார்கள். பார்ப்பதற்கு டெலிபோன் டைரக்டரி ஆகிவிடும். அதனால் இறந்த தேதி வாரியாகவே பெயர்கள் செதுக்கப்பட்டன. ஒரே நாளில் இறந்தவர்களுக்குள் மட்டும் அகரவரிசை. பதவி இல்லை, படைப்பிரிவு இல்லை, பதக்கம் இல்லை.

சுவருக்கு இரண்டு கைகள். இரண்டும் சேரும் நடு முனையில் 1959-ல் பெயர்கள் தொடங்கி, வலது கை வழியாக அதன் நுனி வரை போகின்றன. அங்கிருந்து இடது கையின் நுனிக்குத் தாவி, திரும்ப நடுவுக்கே வந்து 1975-ல் முடிகின்றன. போரின் முதல் சாவும் கடைசிச் சாவும் பக்கத்துப் பக்கத்தில்.

இப்போது அந்தப் பெரியவர் செய்தது புரிகிறது. ஒரே சண்டையில், ஒரே நாளில் விழுந்தவர்கள் சுவரிலும் ஒன்றாகவே இருக்கிறார்கள். நடுவே அவர் தாண்டிய பெயர்கள் அதே நாளில் வேறெங்கோ இறந்தவர்களுடையதாக இருக்கலாம். தான் அங்கே இருந்த காலம் எந்தப் பலகையில் தொடங்கி எதில் முடிகிறது என்று கண்டுபிடிப்பதும் ஒரு பழைய சிப்பாய்க்குக் கஷ்டமில்லை. சிலர் காகிதத்தைப் பெயர் மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துப் போகிறார்கள். சிலர் பூட்ஸ், பதக்கம், கடிதம் என்று எதையாவது வைத்துவிட்டுப் போகிறார்கள். அப்படி விட்டுப்போனவற்றைத் தேசியப் பூங்காத் துறை சேகரித்துப் பாதுகாக்கிறது.

ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு குறி உண்டு. வைரக்குறி என்றால் மரணம் உறுதி. சிலுவைக்குறி என்றால் காணாமல் போனவர். எச்சம் கிடைத்து அடையாளம் தெரிந்தால் சிலுவை மேலேயே வைரத்தைச் செதுக்கிவிடுவார்கள். உயிரோடு திரும்பினால் வட்டம் போடுவதாக ஏற்பாடு. அந்த வட்டம் இதுவரை தேவைப்படவில்லை.

இந்த வரிசையில் இடம் கிடைக்காதவர்களும் இருக்கிறார்கள். போரில் பட்ட காயத்தாலேயே பல வருடம் கழித்து இறந்தால் பெயர் சேர்க்க வழியுண்டு. ஏஜென்ட் ஆரஞ்ச் மருந்தால் புற்றுநோய் வந்து செத்தவருக்கும், வீடு திரும்பித் தற்கொலை செய்துகொண்டவருக்கும் சுவரில் இடமில்லை. அவர்கள் எல்லோருக்கும் சேர்த்து 2004-ல் பக்கத்தில் தரையில் ஒரு கல் பதித்தார்கள். அதில் பெயர்கள் கிடையாது. கூடவே இருந்த நண்பனுக்குத் தொட்டுப் பார்க்க ஒரு வரி இல்லை. எனக்கு உறுத்துவது இதுதான்.

போகிறவர்கள் ஒன்று செய்து பாருங்கள். ஒரு பலகையில் பெயர்களை வரிசையாகப் படித்துக்கொண்டே வாருங்கள். குடும்பப்பெயரின் முதலெழுத்து டபிள்யூ, ஒய் என்று போய், சட்டென்று மறுபடி 'ஏ'-யில் தொடங்கும். அந்த இடத்தில் ஒரு நாள் முடிந்திருக்கிறது. சில நாட்கள் இரண்டு வரியில் முடிந்துவிடும். 1968 பலகைகளில் அப்படிச் சீக்கிரம் முடியாது.