கொலம்பியா நதியில் கொடுத்தவர் யார்?

நிலத்தை இழந்த ஜனங்களின் கதை உலக சரித்திரத்தில் மலிந்து கிடக்கிறது. ஆனால், நிலத்தை எழுதிக் கொடுத்த அதே பத்திரத்தில், நதியின்மீது தமக்கிருந்த பாத்தியதையை மட்டும் விட்டுக்கொடாமல் நிறுத்தி வைத்துக்கொண்ட ஜனங்கள் மிகச் சிலரே. அமெரிக்காவின் வடமேற்குப் பகுதியில் கொலம்பியா நதியையும் அதன் கிளைகளையும் அண்டி வாழும் யாகமா, உமட்டிலா, வார்ம் ஸ்பிரிங்ஸ், நெஸ் பெர்ஸ் ஆகிய ஆதிக்குடிகள் அத்தகையோர். நூற்றாண்டுக்கு மேலாக அவர்கள் நடத்திவரும் வழக்கு மீனைப் பற்றியது. சர்க்காரின் வாக்குறுதிக்கு என்ன விலை என்று அறிய விரும்பும் எவரும் அவ்வழக்கைக் கவனிக்கவேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

மீனைப் பற்றி முதலில் சொல்லிவிடுவோம். ஸால்மன் என்பது ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிடுவதற்கு ஆறேறி வருவது. வங்காளத்து ஹில்சாவும் கடலிலிருந்து கங்கையில் ஏறுவதே. எனினும் ஸால்மன் தேடி வருவது ஏதோ ஓர் ஆற்றையன்று, தான் பிறந்த ஓடையையே. நீரின் வாசனையே அதற்கு வழிகாட்டுகிறது என்பது சாஸ்திரக்ஞர்கள் கண்ட முடிவு. ஆற்றில் புகுந்தபின் அது இரை தேடுவதில்லை. கடலில் சேர்த்த கொழுப்பே வழிச்செலவு. நூற்றுக்கணக்கான மைல் எதிர்நீச்சலிட்டு, முட்டையிட்டு, அங்கேயே மடிகிறது. வசந்தத்தில் சினூக் என்னும் பெரிய ஸால்மன் முதலில் வரும். ஜூன், ஜூலையில் சிவந்த சதையுடைய ஸாக்கை வரும். ஆகஸ்டு முதல் இலையுதிர்காலத்துச் சினூக் திரள் திரளாக வரும். கரையில் வாழ்ந்தோருக்கு இதுவே பஞ்சாங்கம்.

இவற்றோடு ஸ்டீல்ஹெட் என்னும் மீனும் வரும். நீலகிரி ஓடைகளில் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத் துரைமார் தூண்டில் விளையாட்டுக்கென்று கொணர்ந்து விட்டார்களே, அந்த வானவில் டிரவுட்டின் பூர்வீகம் இந்தப் பசிபிக் பிரதேசமே. அங்கே கடல் சென்று மீளும் அதே ஜாதிக்குத்தான் ஸ்டீல்ஹெட் என்று பெயர்.

வெள்ளை ஸ்டர்ஜன் வேறு விதமானது. வட அமெரிக்காவின் நன்னீர் மீன்களில் அதனினும் பெரியது இல்லை. நூறாண்டு உயிரோடிருக்கவும் வல்லது. ஆனால் பெண் மீன் முட்டையிடும் பக்குவம் அடையப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகும். இதனை அறியாத வியாபாரிகள் 1890-களில் அதன் முட்டைக்கும் இறைச்சிக்கும் ஆசைப்பட்டுப் பத்தே வருஷங்களில் அந்தத் தொழிலை அழித்துக்கொண்டார்கள். சிறியதை மட்டுமின்றி மிகப் பெரியதையும் பிடிக்காமல் விட்டுவிடவேண்டும் என்ற விதி பின்னால் வந்ததற்கு இதுவே காரணம். ஒரு தாய் மீனைக் கொன்றால் ஒரு தலைமுறை போகும்.

கொலம்பியாவின் நடுவே ஸெலிலோ என்ற நீர்வீழ்ச்சி இருந்தது. பாறைகளின் இடுக்கில் நதி நெருங்கிப் பாயும் இடம். மீன்கள் துள்ளி ஏற முயன்று தங்கி நிற்கும். பாறைக்கு மேல் பலகைப் பரண் கட்டி, இடுப்பில் கயிறு பூட்டி, நீண்ட கழியின் நுனியில் வளையமிட்ட வலையை நுரைக்குள் செலுத்தி அவற்றை வாரி எடுப்பார்கள். எந்தப் பாறை எந்தக் குடும்பத்தினுடையது என்பது தலைமுறை வழக்கம். பருவத்தின் முதல் ஸால்மனைச் சடங்கு செய்து எல்லோரும் பகிர்ந்துண்ட பின்னரே மற்றவற்றைப் பிடிப்பது முறை. பருவம் வந்தால் பல தேசத்துக் குடிகளும் அங்கு கூடுவார்கள். மீன் உலர்த்தவும், பண்டம் மாற்றவும், பெண் கொடுத்து எடுக்கவும் அதுவே சந்தை.

1855-ம் வருஷத்தில் வாஷிங்டன் பிரதேசத்தின் கவர்னர் ஐஸக் ஸ்டீவன்ஸ், இக்குடிகளில் வார்ம் ஸ்பிரிங்ஸ் நீங்கலான மற்றவர்களை வாலா வாலா என்னுமிடத்தில் கூட்டி உடன்படிக்கை செய்துகொண்டார். கோடிக்கணக்கான ஏக்கர் நிலம் ஐக்கிய நாட்டுச் சர்க்காருக்குச் சென்றது. ஆனால் மீனை விட்டுக்கொடுக்க அவர்கள் இசையவில்லை. வழக்கமாக மீன் பிடித்துவந்த எல்லா இடங்களிலும், அங்கே குடியேறும் பிரஜைகளோடு பொதுவாக, மீன் பிடிக்கும் உரிமை தங்களுக்கு நிலைத்திருக்கும் என்று ஒரு ஷரத்து எழுதப்பட்டது. கொலம்பியாவுக்கு வடக்கே, பியூஜெட் சவுண்டு என்ற உள்கடலில் விழும் நிஸ்குவாலி முதலிய ஆறுகளின் கரையிலுள்ள குடிகளும் அதையொட்டிய காலத்தில் இதே ஷரத்தைப் பெற்றார்கள். பொதுவாக என்ற அந்த ஒரு சொல்லே பிற்கால வழக்குகளுக்கெல்லாம் வித்து.

1866-ல் கொலம்பியாக் கரையில் ஸால்மனைத் தகர டப்பியில் அடைக்கும் முதல் தொழிற்சாலை ஏற்பட்டது. 1883-ல் அந்த நதியிலிருந்து டப்பிக்குச் சென்ற சினூக் மட்டும் 4 கோடி ராத்தலுக்கு மேல் என்று கணக்கு. நீரோட்டத்தால் தானே சுழன்று இரவு பகலாக மீனை வாரிக்கொட்டும் சக்கரங்கள் நதியெங்கும் நிறுவப்பட்டன. ஸெலிலோ அருகே வினன்ஸ் என்ற சகோதரர்கள் கரையை விலைக்கு வாங்கி, ராஜ்ய சர்க்காரிடம் லைசென்ஸ் பெற்றுச் சக்கரம் வைத்து, யாகமாக்கள் நதிக்குப் போகும் வழியை அடைத்தார்கள். நிலம் என்னுடையது, உனக்கு அதில் கால் வைக்க உரிமை ஏது என்பது அவர்கள் வாதம்.

வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. 1905-ல் நீதிபதி மக்கென்னா அளித்த தீர்ப்பு சட்டம் பயில்வோர் மனத்தில் பதிய வேண்டியது. அந்தக் குடிகளுக்கு மீன்பிடித்தல் மூச்சுக்காற்றைக்காட்டிலும் அவசியம் குறைந்ததன்று என்றார். அதற்கு மேலும் ஒன்று சொன்னார்: உடன்படிக்கை, சர்க்கார் இந்தக் குடிகளுக்கு அளித்த தானமன்று, குடிகள் சர்க்காருக்கு அளித்தது, அவர்கள் கொடுக்காதவையெல்லாம் அவர்களிடமே நிற்கின்றன. கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்ற கேள்வியைச் சரியாகக் கேட்டால் விடை எவ்வளவு எளிதாகிவிடுகிறது! அந்நிய ஆட்சியில் நம் சொந்த உரிமைகளைச் சலுகையென்று பெயரிட்டுக் கொடுக்கக் கண்ட நமக்கு இதன் அருமை விளங்காமற் போகாது.

ஆனால் கோர்ட்டில் வென்றது ஆற்றில் கிடைக்கவில்லை. மீன் குறையக் குறைய, மீன்வளத்தைப் பாதுகாக்கிறோம் என்று ராஜ்ய அதிகாரிகள் புறப்பட்டார்கள். இந்தப் பாதுகாப்பின் சூட்சுமத்தைப் பாருங்கள். ஸால்மன் முதலில் கடலில் மோட்டார்ப் படகுகளுக்கு அகப்படும். பிறகு முகத்துவாரத்தில் செவுள் வலைகளுக்கு. எல்லாம் தப்பி மேலேறியது ஆதிக்குடியின் பரணுக்கோ வலைக்கோ வரும். முன்னால் நின்றவர்கள் அள்ளியபின், முட்டையிட மீன் மிஞ்சவேண்டுமென்று கடைசியில் நிற்பவன் கையைப் பிடிப்பது! 1970-களின் தொடக்கத்தில் பியூஜெட் சவுண்டுப் பகுதியில் ஆதிக்குடிகள் பிடித்தது மொத்தத்தில் நூற்றுக்கு ஐந்து அளவிலேயே இருந்தது. சிறை சென்றவர்களோ அவர்கள்தாம்.

நிஸ்குவாலி நதிக்கரையில் பிறந்த பில்லி பிராங்க் என்பவர் 1945-ல், பதினான்காம் வயதில், தன் ஆற்றில் மீன் பிடித்ததற்காக முதன்முதல் கைதானார். பின்னர் ஐம்பது தடவைக்கு மேல் கைதானார். 1964 முதல் அந்தக் குடிகள் பகிரங்கமாகக் கூடி, தடையை மீறி வலை வீசினார்கள். போலீஸார் வலைகளைப் பறித்தார்கள். மறுநாள் வேறு வலை வந்தது. 1930-ல் வேதாரணியத்துக் கடற்கரையில் உப்பள்ளியவர்களின் சந்ததியாருக்கு இதற்கு வியாக்கியானம் தேவையில்லை. 1970 செப்டம்பரில் புயல்லப் நதிக்கரை முகாமில் போலீஸார் கண்ணீர்ப் புகையும் தடியும் பிரயோகித்து அறுபது பேருக்குமேல் கைது செய்தார்கள். அதே மாதத்தில் மத்திய சர்க்காரே வாஷிங்டன் ராஜ்யத்தின் மேல் வழக்குத் தொடுத்தது.

நீதிபதி ஜார்ஜ் போல்ட் 1974 பிப்ரவரி 12-ந் தேதி தீர்ப்புச் சொன்னார். பொதுவாக என்றால், 1855-ல் கையெழுத்திட்டவர்கள் விளங்கிக்கொண்டபடி, சமமாகப் பகிர்ந்துகொள்வது என்று பொருள். ஆகவே, முட்டையிட விடவேண்டியது போக, பிடிக்கத் தக்க மீனில் பாதிவரை உடன்படிக்கைக் குடிகளுக்கு உரியது. ராஜ்யம் முழுவதும் கொந்தளித்தது. நீதிபதியின் கொடும்பாவியைக் கொளுத்தினார்கள். வங்கிக் கடனில் படகு வாங்கியிருந்த வெள்ளைச் செம்படவர்களின் கஷ்டம் மெய்யானதே. அவர்களிலும் ஏழைகள் உண்டு. ஆயினும் அவர்களுக்கு அளவுக்கு மீறி லைசென்ஸ் அளித்தது ராஜ்ய சர்க்கார். அந்தக் குற்றத்துக்கு உடன்படிக்கைக்காரன் நஷ்ட ஈடு கொடுப்பது எந்த நியாயம்? 1979 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு போல்டின் தீர்ப்பைப் பெரும்பாலும் ஊர்ஜிதம் செய்தது.

பாதி கிடைத்தது. எதில் பாதி? அதற்குள் நதியே மாறிப்போயிருந்தது. 1942-ல் முடிந்த கிராண்ட் கூலி அணையில் மீன் ஏற வழியே வைக்கவில்லை. அதற்கு மேலே ஆயிரம் மைலுக்கு மேற்பட்ட நதியும் ஓடைகளும் ஸால்மனுக்கு இல்லாமற் போயின. ஜூன் பன்றி என்று செம்படவர்கள் செல்லமாக அழைத்த பெருத்த சினூக் இனம் அத்தோடு ஒழிந்தது. 1938-ல் திறந்த பான்வில் அணையில் மீன் ஏணி, அதாவது படிப்படியாக அமைந்த நீர்த்தொட்டிகள், உண்டு. ஸால்மன் அதில் ஏறும். ஸ்டர்ஜனுக்கு அது பெரும்பாலும் பயன்படுவதில்லை. அணைக்கும் அணைக்கும் இடையே அது சிறைப்பட்டிருக்கிறது. கீழே செல்லும் ஸால்மன் குஞ்சுகளுக்கோ தேங்கிய வெந்நீரும் விசைச் சக்கரங்களும் எமன். நம் நாட்டிலும் 1975-ல் ஃபராக்கா எழுந்தபின் ஹில்சா அலகாபாத் பக்கம் திரளாக வருவது நின்றதை வாசகர்கள் அறிவார்கள்.

பான்வில்லில் மூழ்கிய மீன்பிடி துறைகளுக்குப் பதிலாக 400 ஏக்கர் தருவதாக 1939-ல் வாக்களித்தார்கள். சுமார் 40 ஏக்கர் தந்தார்கள். மிச்சத்துக்கு 1988-ல் தனிச் சட்டம் வேண்டியிருந்தது. 1957 மார்ச் 10-ந் தேதி டால்ஸ் அணையின் கதவுகளை அடைத்தார்கள். சில மணி நேரத்தில் ஸெலிலோவின் ஓசை அடங்கிற்று. கரையில் நின்று முதியவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பணம் கொடுக்கப்பட்டது, உண்மை. எந்தக் கோர்ட்டு அமீனா அந்த நீர்வீழ்ச்சிக்கு மதிப்புப் போடுவான்?

மீன் இல்லாத ஆற்றில் மீன் பிடிக்கும் உரிமைக்கு என்ன அர்த்தம் என்ற கேள்வியும் முடிவில் கோர்ட்டுக்கு வந்தது. வாஷிங்டன் ராஜ்யம் சாலைகளுக்கு அடியில் ஓடைகளைக் கடத்தும் குழாய்களைக் கண்டபடி அமைத்து, மீன் ஏறும் வழியைத் தூர்த்திருந்தது. அவற்றை ராஜ்யமே செப்பனிட வேண்டும் என்ற கீழ்க்கோர்ட்டின் உத்தரவு, 2018 ஜூனில் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள் நாலுக்கு நாலாகப் பிரிந்ததால் நிலைத்தது. கொலம்பியாவுக்குத் தெற்கே கிளாமத் என்னும் வேறொரு நதியில் நாலு அணைகளை 2024-ல் இடித்து முடித்தார்கள். சில வாரங்களிலேயே அணையிருந்த இடத்துக்கு மேலே சினூக் காணப்பட்டது. நூறாண்டு காத்திருந்த ஓடைக்கு அது வழி மறக்கவில்லை.

கொலம்பியாவின் பெரிய கிளையான ஸ்நேக் நதியில் 1975-க்குள் கட்டிமுடித்த நாலு அணைகளைப் பற்றியே இப்போதைய விவாதம். இடித்தால் மின்சாரமும், கோதுமை ஏற்றிச் செல்லும் படகு வழியும் போகும் என்கிறார்கள் விவசாயிகள். அதை அற்பமென்று நாம் தள்ளமாட்டோம். 2023 டிசம்பரில் மத்திய சர்க்கார் மேற்சொன்ன நாலு குடிகளோடும் ஆரிகன், வாஷிங்டன் ராஜ்யங்களோடும் ஓர் ஒப்பந்தம் செய்து, மீன்வளத்தை மீட்கப் பணமும், அணைகளின் பலனுக்கு மாற்று ஏற்பாடும் தேடுவதாக ஒப்புக்கொண்டது. அதன்பேரில் நடந்துகொண்டிருந்த வழக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. 2025 ஜூனில் புதிய ஜனாதிபதியின் ஓர் உத்தரவால் அந்த ஒப்பந்தம் ரத்தாயிற்று. அவ்வருஷமே வழக்கு மறுபடியும் கோர்ட்டுக்குத் திரும்பியது.