ஃபைட்டருக்கு ஒரு வீடு பார்ப்போமா?

யாரோ வேண்டாமென்று விட்டுவிட்டுப் போன ஃபைட்டர் மீனை, அது கிடந்த ஊறுகாய் ஜாடியோடு வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டாயா? சபாஷ், கண்ணு! அதோடு நிற்காமல், "இதை எந்தத் தொட்டியில் விடுவது?" என்றும் கேட்கிறாய் பார், அதுதான் கெட்டிக்காரத்தனம். நிறையப் பெரியவர்களுக்கே இந்தக் கேள்வி தோன்றுவதில்லை.

"ஜாடியிலேயே கிடக்கட்டும், அதற்கு ஒன்றும் ஆகாது" என்று வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள். கடையிலும் சின்னச் சின்ன பாட்டிலில்தானே வைத்திருக்கிறார்கள்? உண்மைதான். இரண்டு ஆண் மீன்களை ஒன்றாக விட்டால் ஒன்றையொன்று கடித்துக் கிழித்துவிடும். அதனால் விற்கும்வரை தனித்தனியாக வைக்கிறார்கள். அது சரக்கு வைக்கும் இடம். குடியிருக்கும் இடமல்ல.

ஆனாலும் வேறு மீன்கள் சீக்கிரம் செத்துப்போகிற பாட்டிலில் இது மட்டும் எப்படித் தாக்குப்பிடிக்கிறது? கொஞ்சம் கிட்டே வா, சொல்கிறேன்.

ஜாடியை ஐந்து நிமிடம் உற்றுப் பார். மீன் மேலே வரும். வாயைத் தண்ணீருக்கு வெளியே நீட்டி ஒரு வாய் காற்றை விழுங்கும். பிறகு இறங்கிவிடும். அதன் தலைக்குள், செவுளுக்கு மேலே, மடிப்பு மடிப்பாக ஓர் உறுப்பு இருக்கிறது. லாபிரிந்த் உறுப்பு என்பார்கள். அந்த மடிப்பெல்லாம் நுண்ணிய ரத்தக் குழாய்கள். விழுங்கிய காற்றிலுள்ள ஆக்சிஜன் அங்கே ரத்தத்தில் கலந்துவிடும். செவுளும் உண்டு, இதுவும் உண்டு.

நம் வயல்களிலும் குளங்களிலும் இருக்கிற பனையேறிக் கெண்டைக்கும் இதே உறுப்புதான். ஃபைட்டருக்கு அது தூரத்துச் சொந்தம். 1791-இல் தரங்கம்பாடியில் டால்டார்ஃப் என்ற டேனிஷ் படை அதிகாரி, அந்த மீன் பனைமரத்தில் ஏறியதைப் பார்த்ததாக எழுதிவைத்தார்! மரமேறியதை நான் அவ்வளவாக நம்பவில்லை. ஈரத் தரையில் தத்தித் தத்தி நகரும் என்பது மட்டும் நிச்சயம்.

சரி, நம் ஜாடிக்கு வருவோம். மூச்சுக்கு வழி கிடைத்துவிட்டது. அவ்வளவுதானா?

மீன் கழிவை எங்கே விடும்? அதே தண்ணீரில்தான். அதன் உடம்பிலிருந்து அமோனியா செவுள் வழியாக வெளியே வந்துகொண்டே இருக்கும். தின்னாமல் விட்ட தீனி அழுகினாலும் அமோனியாதான். பள்ளிக்கூடக் கழிப்பறைப் பக்கம் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவாயே, அந்த நெடிதான் அது! தண்ணீரில் அது சேரச் சேர, செவுள் புண்ணாகும். மீன் எவ்வளவு காற்றை விழுங்கினாலும் அமோனியா குறையாது. புரிகிறதா? புரியாவிட்டால் இந்தப் பத்தியை இன்னொரு தடவை படி. தொட்டி வாங்குவதற்கான காரணமே இதில்தான் இருக்கிறது.

ஒரு சின்னக் கரண்டி உப்பை ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கி நாக்கில் வைத்துப் பார். தூ என்று துப்புவாய். அதே கரண்டி உப்பை ஒரு குடம் தண்ணீரில் போட்டால்? உப்பு போட்டதே தெரியாது. அமோனியாவும் அப்படித்தான். தண்ணீர் கூடினால் விஷம் நீர்த்துப்போகும். தண்ணீர் அதிகமாக இருந்தால் அது சட்டென்று சூடாவதும் இல்லை, குளிர்வதும் இல்லை. ஃபைட்டருக்கு 24 முதல் 28 டிகிரி வரை பிடிக்கும். ஊட்டி, கொடைக்கானல் பிள்ளைகள் சின்ன ஹீட்டர் ஒன்றும் வாங்க வேண்டியிருக்கும்.

அதனால் குறைந்தது 20 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்பேன். எப்படி அளப்பது? நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000-ஆல் வகு. 40, 25, 25 என்றால் எவ்வளவு? 25 லிட்டர்! மேலே 5 சென்டிமீட்டர் காலியாக விட்டால் 20 லிட்டர்.

"ஃபைட்டர் வயல் குட்டையில் வாழும் மீன், அதற்கு எதற்கு இவ்வளவு?" என்று கடைக்காரர் மடக்கலாம். அவர் சொல்வதில் பாதி சரி. இதன் சொந்த ஊர் தாய்லாந்து. 2019-இல் அந்த நாடு இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்தது. அங்கே நெல்வயலிலும் சதுப்பிலும் ஆழம் குறைந்த நீரில்தான் இது வாழ்கிறது. ஆனால் ஆழம் குறைவே தவிர, பரப்பு குறைவில்லையே! வயல் எவ்வளவு அகலம்? அதனால் உயரமான தொட்டி வேண்டாம். நீளமும் அகலமும் உள்ள, தணிவான தொட்டி பார். மூச்சு வாங்க அடிக்கடி மேலே வர வேண்டிய மீன் இது. நீளத் துடுப்பை இழுத்துக்கொண்டு உயரம் ஏறுவது அதற்குச் சிரமம்.

உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தை மட்டும் வாங்காதே, கண்ணு. மேசையில் அழகாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். அழகு பார்ப்பவருக்கு, அவஸ்தை மீனுக்கு.

மூடி அவசியம். ஃபைட்டர் நன்றாகத் துள்ளும். ஆனால் காற்று போக இடைவெளி இருக்கட்டும். ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்று போதும். குமிழி மெதுவாக வரும்படி திருகிவை. வேகமான ஓட்டம் இதற்கு ஆகாது. பிளாஸ்டிக் செடியைப் பழைய நைலான் சாக்ஸில் உரசிப் பார். நூல் சிக்கினால் துடுப்பும் கிழியும். உன் பள்ளியில் வாதாங்கொட்டை மரம் இருக்கிறதா? உதிர்ந்து காய்ந்த இலை ஒன்றைக் கழுவிப் போடு. தண்ணீர் தேநீர் நிறமாகும், பயப்படாதே. தாய்லாந்தில் ஃபைட்டர் வளர்ப்பவர்களும் இதைத்தான் போடுகிறார்கள்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். மீன் கடையில் ஆன்டி குளோரின் என்று கேட்டால் சொட்டு மருந்து தருவார்கள். தொட்டியை வெயில் படாத, உறுதியான மேசையில் வை. 20 லிட்டர் தண்ணீரே 20 கிலோ! கண்ணாடியும் மணலும் தனி. அப்பாவையோ அம்மாவையோ கூப்பிட்டுக்கொள்.

இன்னும் ஒரு விஷயம். அமோனியாவைத் தின்று, அவ்வளவாகக் கெடுதல் செய்யாத நைட்ரேட்டாக மாற்றும் நல்ல பாக்டீரியாக்கள் உண்டு. அவை புதுத் தொட்டியில் பெருக ஒரு மாதத்துக்கு மேலேகூட ஆகும். மீட்டுவந்த மீன் அதுவரை ஜாடியில் காத்திருக்க முடியுமா? முடியாது. அதனால் உடனே தொட்டியில் விட்டுவிடு. தீனியைக் குறைத்துப் போடு. ஒருநாள் விட்டு ஒருநாள் கால்பங்கு தண்ணீரை மாற்று. மீன் வளர்க்கும் நண்பன் யாராவது இருந்தால், அவனுடைய பழைய ஸ்பாஞ்சைக் கேட்டு வாங்கு. அதில்தான் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. அவன் தொட்டியில் சீக்கு மீன் இல்லையே என்று மட்டும் விசாரித்துக்கொள். அந்த ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவிவிடாதே!

இப்போது உனக்கு ஒரு கணக்கு. கடையில் இரண்டு தொட்டி இருக்கின்றன. ஒன்று 30, 30, 30 சென்டிமீட்டர் கனசதுரம். இன்னொன்று 50 நீளம், 25 அகலம், 20 உயரம். இரண்டிலும் லிட்டரைப் பார், தண்ணீரின் மேற்பரப்பையும் பார். ஒன்றில் தண்ணீர் அதிகம், மற்றதில் மேற்பரப்பு அதிகம். உன் ஃபைட்டருக்கு எதை வாங்குவாய், ஏன்? எனக்கு ஒரு பதில் இருக்கிறது. உன்னுடையதைக் காரணத்தோடு எழுதி அனுப்பு, அடுத்த இதழில் சண்டை போடுவோம்.